செவிக்குப் பொருந்திய ஒலி

நுழையும்முன்

கேட்டறிதலைச் செல்வமாகப் போற்றியது தமிழ் மரபு. திருவள்ளுவர் ‘கேள்வி’ என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார். செவித்திறன் குறைந்தோர்க்கு அச்செல்வத்தின் ஒரு பகுதியை மீட்டுத் தருவது காதொலிக் கருவி. பார்வை மங்கியவர் கண்ணாடி அணிந்ததும் எழுத்து தெளிவாகிறது. பொருந்தாவிடில் உடனே சொல்லிவிடுகிறார். காதொலிக் கருவி அணிந்தவர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. தம் செவிக்கு எட்டாத ஒலியை எட்டவில்லை என்று அவரால் எங்ஙனம் கூற இயலும்? ஆகவே, கருவி செவிக்குப் பொருந்தியதா என்பதை அளந்தறிய வேண்டியுள்ளது. அவ்வளவீடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிகழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பேழைக்குள் உறங்கும் கருவி

விசைத்தறிக் கூடத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற நெசவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தறியின் ஓசை அவருடைய செவித்திறனைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிட்டது. மகன் தன் சேமிப்பிலிருந்து ஒரு காதொலிக் கருவி வாங்கித் தருகிறான். முதல் நாள், தட்டு கீழே விழும் ஓசை அவர் காதில் இடிபோல் இறங்குகிறது. மின்விசிறியின் இரைச்சல் ஓயாமல் ஒலிக்கிறது. அவருடைய குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் அவருக்குக் கேட்கிறது. ஆனால், பேத்தி பள்ளியிலிருந்து வந்து சொல்லும் கதை மட்டும் முன்போலவே புரியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு கருவி பெட்டிக்குள்ளும் பெட்டி அலமாரிக்குள்ளும் சென்றுவிடுகின்றன.

“வாங்கிக் கொடுத்தும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்” என்று வீட்டார் வருந்துகின்றனர். “சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை” என்பது அவர் சொல்லும் விடை. அவ்விடையைப் பிடிவாதம் என்று வீட்டார் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அது துல்லியமான ஓர் அறிக்கை. கருவி எங்கே பொருந்தவில்லை என்பதை அவ்விரு தொடர்களும் தெளிவாகச் சுட்டுகின்றன.

உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைவுடன் வாழ்கின்றனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேர்க்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. காதொலிக் கருவியால் பயன்பெறக்கூடியவர்களுள் 100க்கு 17 பேர் மட்டுமே அதனைப் பயன்படுத்துகின்றனர் என்றும் அவ்வறிக்கை குறிப்பிடுகிறது. விலையும் எட்டாத் தொலைவும் கூச்சமும் இதற்குக் காரணங்கள். கருவி கையில் கிடைத்த பின்னரும் அது செவிக்குப் பொருந்தாமற் போவது மற்றொரு காரணம்.

செவி என்னும் நுண்பொறி

பொருத்தம் என்பதன் பொருளை அறியச் செவியின் அமைப்பை அறிதல் வேண்டும். செவி, புறச்செவி, நடுச்செவி, உட்செவி என மூன்று பகுதிகளை உடையது. காற்றில் வரும் ஒலியலையைச் செவிமடல் திரட்டிச் செவிக்குழலுக்குள் அனுப்புகிறது. முதிர்ந்தவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் முடிவில் உள்ள செவிப்பறை அதிர, நடுச்செவியின் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்டுள்ள காக்ளியாவில் ஆயிரக்கணக்கான உரோமச் செல்கள் அவ்வதிர்வை நரம்புத் துடிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

செவிக்குழல் வெறும் வழி மட்டுமன்று. புல்லாங்குழலின் நீளத்திற்கேற்ப ஒரு சுரம் ஓங்கி ஒலிப்பதுபோல, செவிக்குழலும் தன் நீளத்திற்கேற்ற ஒலியைத் தானே பெருக்கித் தருகிறது. முதிர்ந்தவர் செவியில் இப்பெருக்கம் 2700 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களில் உச்சம் பெறுகிறது. ஒருவர் செவிக்குழலைப்போல் மற்றொருவர் செவிக்குழல் அமைவதில்லை. ஆதலால் ஒரே கருவி, ஒரே அமைப்பில், இருவர் செவிகளில் இருவேறு ஒலியளவுகளைத் தருகிறது.

புறச்செவியிலோ நடுச்செவியிலோ தடையிருப்பின் ஒலி உள்ளே செல்வது தடைப்படும். இவ்வகைக் குறைபாடுகளில் பலவற்றை மருந்தாலும் அறுவை மருத்துவத்தாலும் சீர்செய்யலாம். உட்செவியின் உரோமச் செல்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல், முதுமை, சில மருந்துகள், சில நோய்த்தொற்றுகள் ஆகியவை அவற்றை அழிக்கின்றன. பெரும்பாலும் உயர் அதிர்வெண்களை உணரும் செல்களே முதலில் அழிகின்றன. நெடுங்காலம் இரைச்சலில் உழைத்தோர்க்கு 4000 ஹெர்ட்ஸ் அளவிலேயே முதற்குறை தென்படும். நம் நெசவாளரின் நிலையும் இதுவே.

செவித்திறன் வல்லுநர் ஒலிபுகா அறையில் அமர்த்தி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றிலும் கேட்கக்கூடிய மிகக் குறைந்த அளவைக் கண்டறிகிறார். இதன் பதிவே ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் வரைபடம். நெசவாளரின் வரைபடத்தில் தாழ் அதிர்வெண்களில் 20 டெசிபல் இழப்பும், 4000 ஹெர்ட்ஸில் 65 டெசிபல் இழப்பும் உள்ளன என்று கொள்வோம்.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபல் இழப்புடையோரைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோரைக் கேட்டலில் குறையுடையோர் என்றும் வரையறுக்கிறது. செவித்திறன், பேச்சு ஆகிய துறைகளில் கல்வியும் ஆய்வும் சிகிச்சையும் வழங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965இல் மைசூருவில் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் உலகச் செவித்திறன் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஒலி கூடினால் போதுமா?

65 டெசிபல் இழந்தவர்க்கு 65 டெசிபல் கூட்டித் தந்தால் இழப்பு ஈடாகிவிடும் என்று தோன்றலாம். அது பிழையான கணக்கு. நல்ல செவியுடையவர், காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலி முதல் பொறுக்க இயலாத பேரொலி வரை, ஏறத்தாழ 100 டெசிபல் அகலமுள்ள வெளியில் ஒலிகளைக் கேட்கிறார். உட்செவி பழுதடைந்தவர்க்கு மெல்லொலி கேட்கும் எல்லை மேலேறுகிறது. பேரொலியைப் பொறுக்கும் எல்லையோ பெரும்பாலும் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. 65 டெசிபல் இழந்தவர்க்கு எஞ்சுவது 35 டெசிபல் அகலமுள்ள இடுக்கமான வெளி. மென்மையான பேச்சு அவர்க்கு எட்டுவதில்லை. தட்டு விழும் ஓசையோ நம்மைப்போலவே அவரையும் துன்புறுத்துகிறது. எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் கருவி அவ்வோசையைத் தாங்கவொண்ணாத ஒன்றாக்கிவிடும்.

ஆகவே, நல்ல கருவி மெல்லொலியை மிகுதியாகவும் நடுத்தர ஒலியை அளவாகவும் பெருக்கி, பேரொலியைச் சிறிதளவே கூட்டியோ கூட்டாமலோ விட்டுவிட வேண்டும். அகன்ற ஆற்றின் நீரைக் குறுகிய வாய்க்காலில் கரை உடையாமல் செலுத்துவது போன்ற பணி இது.

அடுத்த சிக்கல் பேச்சின் இயல்பில் உள்ளது. பேச்சின் உரத்தைத் தருபவை பெரும்பாலும் உயிரொலிகள். அவற்றின் வலிமை தாழ் அதிர்வெண்களில் மிகுந்துள்ளது. சொல்லுக்குச் சொல் பொருளை வேறுபடுத்துபவை பெரும்பாலும் மெய்யொலிகள். அவற்றுட் பல, மென்மையாகவும் உயர் அதிர்வெண்களிலும் ஒலிப்பவை. காது, சாது, தாது என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் ஆகாரம் ஒன்றே, ஈற்றெழுத்தும் ஒன்றே. முதலில் நிற்கும் வல்லின மெய் மட்டுமே மூன்றையும் பிரிக்கிறது. கட்டு, தட்டு, பட்டு என்பனவும் அவ்வாறே. எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியப் பிறப்பியல் பகுத்துரைக்கிறது. நாவும் இதழும் செய்யும் அந்நுண்ணிய வேறுபாடுகளே கேட்போர் செவியில் பொருள் வேறுபாடாகின்றன. உயர் அதிர்வெண்களை இழந்தவர்க்கு ஆகாரம் கேட்கும். அதன் முன்னே நின்ற மெய் எதுவென விளங்காது. “சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை” என்று நெசவாளர் சொன்னதன் பொருள் இதுவே.

போர்க்காலத்தில் பிறந்த அளவீடு

கருவியின் பொருத்தத்தை முறையாகச் சோதிக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வலுப்பெற்றது. குண்டொலியால் செவித்திறன் இழந்த வீரர்கள் பெருந்தொகையினராகத் திரும்பினர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் நகரிலிருந்த டெஷான் படை மருத்துவமனையில் ரேமண்ட் கார்ஹார்ட் அவர்களுக்கான மறுவாழ்வுப் பணியை நடத்தினார். ஒரு வீரர்க்குப் பல கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அணிவித்தார். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய பேச்சு கேட்கிறது, எவ்வளவு உரத்த ஒலியைப் பொறுக்க முடிகிறது, அமைதியிலும் இரைச்சலிலும் எத்தனை சொற்கள் புரிகின்றன என்று சோதித்தார். சிறந்த விளைவைத் தந்த கருவியே அவ்வீரர்க்கு உரியதாயிற்று. இம்முறையை அவர் 1946இல் வெளியிட்டார். செவித்திறனியல் என்னும் துறையின் தந்தை என இன்று அவர் போற்றப்படுகிறார்.

இம்முறை பல மணி நேரத்தை விழுங்கியது. மேலும், ஏறத்தாழ ஒரே தரமுடைய கருவிகளுக்கு இடையிலான சிறு வேறுபாட்டைச் சொற்சோதனை நம்பகமாகக் காட்டவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆயினும் கார்ஹார்ட் விட்டுச்சென்ற கருத்து நிலைத்தது. கருவியின் சிறப்பைக் கருவியில் தேடாமல் அணிந்தவரின் கேட்டலில் தேட வேண்டும் என்பதே அது.

மற்றொரு வழி, செவித்திறன் வரைபடத்திலிருந்தே தேவையான பெருக்கத்தைக் கணக்கிடுவதாகும். இழப்பின் அளவில் பாதியைப் பெருக்கமாகத் தந்தால் பெரும்பாலோர்க்கு ஏற்புடையதாகிறது என்பதைச் சாமுவேல் லைபார்கர் 1944இல் கண்டறிந்தார். 60 டெசிபல் இழப்புக்கு 30 டெசிபல் பெருக்கம் என்பது இவ்விதி. எளிய இவ்விதியே பிற்காலத்து நுட்பமான சூத்திரங்களுக்கு வித்தாயிற்று.

அச்சூத்திரங்களுள் பெரும்புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவில் உருவானது. 1941இல் சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற தாயை ரூபெல்லா அம்மை தாக்கினால் குழந்தை குறைபாட்டுடன் பிறக்கிறது என்பதை உலகுக்கு அறிவித்தார். அக்கால அம்மைப் பரவலால் செவித்திறன் இழந்து பிறந்த குழந்தைகளுக்கும் போரில் செவித்திறன் இழந்தோர்க்கும் உதவ, அந்நாட்டு அரசு ஒலியியல் ஆய்வகம் ஒன்றை வளர்த்தெடுத்தது. தேசிய ஒலியியல் ஆய்வகம் என்னும் பெயருடன் இயங்கும் அந்நிறுவனத்தில் டெனிஸ் பைர்னும் அவருடன் பணியாற்றியோரும் 1976இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். 1986இல் அது திருத்தியமைக்கப்பட்டது. அதன் வழிவந்த சூத்திரங்கள் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. பேச்சின் எந்தப் பகுதி எவ்வளவு உரமாக ஒலித்தால் அணிந்தவர்க்குப் பேச்சு மிகுதியாகப் புரியும் என்பதை ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் கணக்கிட்டுச் சொல்வது அவற்றின் பணி. அக்கணக்கே வல்லுநர் எட்ட வேண்டிய இலக்கு.

செவிக்குள் ஓர் அளவுகோல்

இலக்கு அறிந்தால் மட்டும் போதாது. அது எட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இன்றைய கருவிகள் கணினியில் இணைத்து அமைக்கப்படுகின்றன. செவித்திறன் வரைபடத்தின் எண்களைத் தந்தவுடன் கணினித் திரையில் அழகான கோடுகள் தோன்றி, இலக்கு எட்டப்பட்டதாகக் காட்டும். ஆனால், அக்கோடுகள் சராசரிச் செவியொன்றைக் கருதி வரையப்பட்டவை. அந்தச் சராசரிச் செவி எவர் தலையிலும் இல்லை. இவ்வாறு கணினி தானாகத் தரும் தொடக்க அமைப்பு, உண்மைச் செவியில் அளக்கும்போது, குறிப்பாக உயர் அதிர்வெண்களில் இலக்கைவிடக் குறைந்து நிற்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்டறிந்துள்ளன. பேச்சைப் பிரித்தறிய எவ்வொலி தேவையோ அவ்வொலியே போதாமற் போகிறது.

இதனைக் கண்டறிய உதவுவது மெய்ச்செவி அளவீடு என்னும் முறையாகும். முதலில் வல்லுநர் செவிக்குழலைப் பார்வையிட்டுக் குறும்பி அடைத்துள்ளதா என்று அறிகிறார். பின்னர் நூலளவு மெல்லிய, நெகிழ்வான குழாயொன்றைச் செவிப்பறையைத் தொடாமல் அதற்குச் சில மில்லிமீட்டர் தொலைவு வரை செலுத்துகிறார். குழாயின் மறுமுனை ஒரு நுண்ணிய ஒலிவாங்கியுடன் இணைந்திருக்கும். எதிரேயுள்ள ஒலிபெருக்கியிலிருந்து ஒலியெழுப்பி, வெறுஞ்செவியின் இயல்பான ஒலியளவை முதலில் பதிவு செய்கிறார். அதன்பின் கருவியை அணிவித்து, மெல்லிய பேச்சு, இயல்பான பேச்சு, உரத்த பேச்சு ஆகிய மூன்று நிலைகளில் ஒலியெழுப்புகிறார். செவிப்பறையின் அருகே உண்மையாக வந்து சேரும் ஒலியளவு திரையில் கோடாக விரிகிறது. அக்கோட்டை இலக்குக் கோட்டுடன் ஒப்பிட்டு, வேறுபாடு ஏறத்தாழ 5 டெசிபலுக்குள் அடங்கும் வரை கருவியைத் திருத்துகிறார். இறுதியாக ஒரு பேரொலியை எழுப்பி, கருவியின் உச்ச வெளியீடு அணிந்தவரின் பொறுக்கும் எல்லையைக் கடக்கவில்லை என்பதை உறுதி செய்கிறார்.

நெசவாளர்க்கு இச்சோதனை நிகழ்ந்தால் என்ன புலப்படும்? 3000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளில் பெருக்கம் இலக்குக்கு வெகுகீழே நிற்பதைக் காணலாம்; பேத்தியின் பேச்சு புரியாமைக்கு அதுவே காரணம். அவர்க்கு நன்கு கேட்கும் தாழ் அதிர்வெண்களில் தேவையற்ற பெருக்கம் இருப்பதைக் காணலாம். விசிறியின் இரைச்சலுக்கு அது காரணம். உச்ச வெளியீட்டுக்கு வரம்பிடப்படாமையைக் காணலாம். தட்டின் ஓசை இடியானதற்கு அது காரணம். செவிக்குழலைக் காது அச்சு முற்றிலும் அடைத்திருப்பதைக் காணலாம். சொந்தக் குரல் குடத்துக்குள் முழங்கியதற்கு அது காரணம். உயர் அதிர்வெண் பெருக்கத்தைக் கூட்டுதல், தாழ் அதிர்வெண் பெருக்கத்தைக் குறைத்தல், உச்சத்திற்கு வரம்பிடுதல், அச்சில் காற்றுத் துளை அமைத்தல் ஆகிய திருத்தங்களால் இந்நான்கும் பெருமளவு தீரக்கூடியவை. புதிய கருவி வாங்கவேண்டிய தேவையே எழவில்லை.

கேட்பதும் புரிவதும்

செவிப்பறை வரை ஒலி செல்வதை அளந்தாயிற்று. அவ்வொலி மூளையில் சொல்லாக விளங்குகிறதா என்பது அடுத்த வினா. இதற்குச் சொற்சோதனை பயன்படுகிறது. இயல்பான பேச்சின் உரத்தில் சொற்பட்டியல் ஒன்று ஒலிக்கப்படுகிறது; கேட்பவர் திரும்பச் சொல்கிறார். கருவியின்றி நூற்றுக்கு எத்தனை, கருவியுடன் எத்தனை என்று கணக்கிடப்படுகிறது. பின்னணி இரைச்சலுடனும் இச்சோதனை நடத்தப்படுகிறது. அமைதியான அறையில் நன்கு கேட்பவரும் திருமண மண்டபத்தில் தடுமாறக்கூடும் என்பதால் இது இன்றியமையாதது.

சொற்பட்டியல் கேட்பவரின் தாய்மொழியில் அமைதல் வேண்டும். தமிழருக்குத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே சோதித்தல் வேண்டும். பிறமொழிச் சொல்லைத் தவறாகச் சொன்னால், குற்றம் செவியினதா, மொழியறியாமையினதா என்று பிரித்தறிய இயலாது. ஒரு மொழியில் அன்றாடம் வழங்கும் சொற்களையும் அதன் ஒலிகள் பயின்றுவரும் விகிதத்தையும் அறிந்தே நல்ல சோதனைப் பட்டியல் தொகுக்கப்படுகிறது. மொழியறிவும் மருத்துவ அறிவும் கைகோக்கும் இடம் இது.

குழந்தையின் செவி

முதியவர், “பேச்சு கேட்கவில்லை” என்றாவது சொல்வார். பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பேச்சு என்பது எவ்வாறு ஒலிக்கும் என்பதே தெரியாது. பொருந்தாத கருவியையும் அது எதிர்ப்பின்றி அணிந்துகொண்டிருக்கும். வீட்டார், கருவி அணிவித்துவிட்டோம் என்று நிறைவடைவர். மொழி வேரூன்ற வேண்டிய முதல் ஆண்டுகள் அமைதியாகக் கழிந்துவிடும். அவ்விழப்பைப் பின்னர் ஈடுசெய்தல் அரிது. இதனால்தான் பிறந்து ஒரு மாதத்திற்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் உரிய உதவியைத் தொடங்குதல் என்னும் கால வரையறையை வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர்.

குழந்தையின் செவிக்குழல் சிறியது. சிறிய அறையில் ஒலி மிகுந்து ஒலிப்பதுபோல, முதிர்ந்தவர் செவிக்கென அமைத்த அதே ஒலி குழந்தையின் செவியில் 10 டெசிபலுக்கும் மேலாக உயரக்கூடும். அளவறியாமல் கூட்டினால் எஞ்சியுள்ள செவித்திறனுக்கும் ஊறு நேரலாம். அஞ்சிக் குறைத்தால் பேச்சு எட்டாது. எனவே, குழந்தையின் செவியை அளந்தே கருவியை அமைத்தல் வேண்டும். குழந்தை வளர வளரச் செவிக்குழலும் வளர்வதால், காது அச்சையும் அடிக்கடி மாற்ற வேண்டும். அளவீட்டையும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். தளர்ந்த அச்சின் வழியே கசியும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியை அடைவதால்தான் கருவி கீச்சிடுகிறது. அக்கீச்சொலி, அச்சை மாற்றும் காலம் வந்ததை உணர்த்தும் அறிகுறியாகவும் அமைகிறது.

நாள்தோறும் வகுப்பறையிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பேச்சுப் பயிற்சியில் வல்லவரான டேனியல் லிங் என்பார் வகுத்த அச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகள் போதும். ஆசிரியர், குழந்தை தம் இதழசைவைக் காணாதவாறு நின்று, இவற்றை வரிசை மாற்றி இயல்பான குரலில் ஒலிக்கிறார். கேட்டதும் குழந்தை கையுயர்த்துகிறது. வளர்ந்த குழந்தை திரும்பச் சொல்கிறது. ம், ஊ ஆகியவை தாழ் அதிர்வெண்களைக் குறிக்கின்றன, ஆ இடைப்பட்டது, ஈ தாழ்விலும் உயர்விலும் வலிமையுடையது, ஷ் உயர்ந்தது, ஸ் மிக உயர்ந்தது. பேச்சொலிகளின் பரப்பு முழுவதும் இவ்வாறனுள் அடங்குகிறது. நேற்று ஸ் கேட்ட குழந்தை இன்று கேட்கவில்லையெனில், மின்கலம் தீர்ந்திருக்கலாம். அச்சைக் குறும்பி அடைத்திருக்கலாம். செவியில் சீழ் கோத்திருக்கலாம். ஒரு நிமிடச் சோதனை, ஒரு நாள் பாடம் வீணாகாமல் காக்கிறது.

அணிந்தவரே இறுதிச் சான்று

அளவுகோல் காட்டும் அனைத்தும் சரியாக இருந்தும் கருவி அலமாரிக்குத் திரும்பக்கூடும். ஏனெனில், மனிதர் சோதனை அறையில் வாழ்வதில்லை. ஆதலால், மதிப்பீட்டின் கடைசிப் படி, அணிந்தவரைக் கேட்டறிதல் ஆகும்.

ஆஸ்திரேலிய ஆய்வகத்தினர் 1997இல் வெளியிட்ட முறை ஒன்றில், கருவி அமைக்கும் முன்பே, எந்தெந்தச் சூழலில் நன்கு கேட்க விரும்புகிறார் என்று அவரிடமே வினவி, ஐந்து சூழல்கள் வரை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்கின்றனர். பேத்தி சொல்லும் கதை, பேருந்தில் நடத்துநர் அழைக்கும் ஊர்ப்பெயர், தொலைபேசியில் மகளின் குரல், பின்னால் வரும் வண்டியின் ஒலி எனப் பட்டியல் ஆளுக்கு ஆள் வேறுபடும். சில வாரங்கள் கழித்து ஒவ்வொன்றிலும் இரண்டு வினாக்கள் எழுப்பப்படுகின்றன. முன்னைவிட எவ்வளவு மாற்றம்? இப்போது எத்தனை பங்கு நேரம் நன்கு கேட்கிறது? பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த மற்றொரு வினாநிரல் ஏழே வினாக்களை உடையது. கடந்த இரு வாரங்களில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கருவியை அணிந்தீர்கள் என்பது அதன் முதல் வினா. அணிந்தவரால் மற்றவர்க்கு ஏற்பட்ட இடர்ப்பாட்டையும் அது வினவுகிறது. ஏனெனில், செவித்திறன் குறைவு ஒருவரோடு நில்லாமல் குடும்பத்தின் உரையாடலையே பாதிக்கிறது.

புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். எந்தக் கருவியும் இழந்த செவியை முழுமையாக மீட்டுத் தராது. இரைச்சலில் இடர்ப்பாடு ஓரளவு எஞ்சும். கருவியால் பயன்பெற இயலாதவர்க்குக் காக்ளியா பதியம் போன்ற வழிகள் உள்ளன. சைகை மொழியைத் தம் மொழியாகக் கொண்டு நிறைவாழ்வு வாழ்வோரும் உளர். இவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்துரைப்பதும் நல்ல வல்லுநரின் கடமையாகும்.

மத்திய, மாநில அரசுகள் தகுதியுடையோர்க்குக் காதொலிக் கருவிகளை விலையின்றி வழங்குகின்றன. வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையைப் பதிவேடு காட்டும். எத்தனை பேர்க்குப் பேச்சு புரிந்தது என்பதை அளவீடும் கேட்டறிதலும் மட்டுமே காட்டும். அளவீடு, அணிந்தவர் சொல்ல இயலாததைச் சொல்கிறது. அணிந்தவர், அளவுகோல் அறியாததைச் சொல்கிறார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மதிப்பீடு நிறைவுறாது.

நெசவாளரின் கருவி அலமாரியிலிருந்து வெளிவர வேண்டுமெனில், யாரேனும் ஒருவர் அவர் சொன்ன இரண்டு தொடர்களைப் பிடிவாதமாகக் கொள்ளாமல் செய்தியாகக் கொள்ள வேண்டும். செவித்திறன் குறைந்தவரின் கேட்டலைச் சீர்செய்யும் பணி, மற்றவர் அவர் சொல்வதைக் கேட்பதிலிருந்து தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. முதலெழுத்தின் மெய் மட்டுமே வேறுபட்டுப் பொருள் மாறும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, அவற்றை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகைப்படுத்துக.

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ காதொலிக் கருவி பயன்படுத்தும் ஒருவரிடம், எச்சூழலில் நன்கு கேட்க விரும்புகிறார் என்பதைக் கேட்டறிந்து, அவர் சொற்களிலேயே எழுதுக.

3. ‘கருவி வழங்குதலும் கேட்கும் வாய்ப்பு வழங்குதலும் ஒன்றல்ல’ என்னும் கருத்தில் வகுப்பறையில் கலந்துரையாடுக.